போன வழியால் வராதவர்

அத்தான் ஒருநாளும் போன வழியால் திரும்பி வந்ததில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் இதுதான் வாயில் வருகிறது. நல்ல மனுசன், பகிடிக்காரன், மீன்குழம்புக்குப் புளி கூட விடுகிறவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

குப்பை கொட்டப் போனால் முன்வாசலால் இறங்குவார். கட்டடத்தைச் சுற்றிப் போய், சைக்கிள்கள் வைக்கிற நிலவறைக் கதவால் ஏறி வருவார். கடைக்குப் போனால் அக்கா அவரிடம் ஐஸ்கிறீம் வாங்கச் சொல்லமாட்டாள். வருகிறபோது பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், பற்றைகள் எல்லாம் சுற்றி அவர் வந்து சேர அது பாலாகிவிடும்.

"நான் உங்களைக் கலியாணம் கட்டித்தான் வந்தனான். ஊர்வலத்தோடை வரேல்லை" என்பாள் அக்கா.

"ஊர்வலமும் ஒருக்காலும் வந்த வழியாலை திரும்பிறேல்லை" என்பார் அவர்.

ஞாயிறு பூசையில் நற்கருணை எடுக்க எல்லோரும் நடுவழியால் போய்ப் பக்கவழியால்தான் இடத்துக்கு வருவார்கள். அப்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடிப்பார். "பாத்தியே மச்சாள், சுவாமி சொன்னால் எல்லாரும் சுத்தி வருவினம். நான் செய்தால்தான் விசர்."

நான் ஒஸ்லோவுக்கு அக்கா வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. ஊரில் ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. இங்கே வகுப்பில் இருத்தினார்கள். ஒன்றும் ஏறவில்லை. அரை வருடத்தில் விட்டுவிட்டு நீச்சல் மண்டபம் ஒன்றில் துப்பரவு வேலைக்குப் போனேன். அக்கா அழுதாள். அத்தான் அழவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. பழைய சைக்கிள் ஒன்றை எங்கேயோ வாங்கி வந்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, "ஏறு மச்சாள். கன நாளா உள்ளுக்கை இருந்திட்டாய்" என்றார். எனக்கு என் அப்பாவின் முகம் நினைவில் இல்லை. அதனால் அன்றைக்கு எனக்கு என்ன நடந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருந்தது றிக்கினில், கொல்சோஸ் மலைக்குக் கீழே. மலை என்றால் கூர் மலை இல்லை. மேலே கத்தியால் சீவிய மாதிரித் தட்டை, பக்கத்தில் செங்குத்தான பாறை. அங்கிருந்து சைக்கிளை விட்டால் ஆற்றோரமாகச் சண்ட்விகாவுக்கு இறங்கலாம். பிறகு கடல். கரையோடு கரையாகச் சைக்கிள் பாதை போகும். ஒரு பக்கம் வள்ளங்கள் கட்டிய மரத்துறை, மறுபக்கம் பணக்காரரின் வெள்ளை வீடுகள். குடாவுக்குக் குடா வளைந்து வளைந்து போர்னபுவுக்குப் போய்ச் சேரும். அங்கே இருந்த விமான நிலையத்தைப் பூட்டி அப்போது கொஞ்சக் காலம்தான். ஓடுபாதை புல் முளைத்துக் கிடந்தது. அதில் நானும் அத்தானும் கையை விட்டு ஓடுவோம். அவர் பிளேன் மாதிரிச் சத்தம் போடுவார். திரும்பி வருகிறபோது கடலை விட்டு உள்ளே ஏறி, வயல்களுக்குள்ளால் போய், மலையின் பின்பக்கம் பாரும்ஸ் வெர்க்கைச் சுற்றி வீட்டுக்கு வருவோம். கடலால் போய் மலைக்குப் பின்னால் வருவது. எந்தக் காலத்திலும் அதுதான்.

அந்த மலைக்கு அவர் வைத்த பெயர் சென்றி. ஊரில் ஆமிக்காரன் ஏறி நின்று றோட்டைப் பார்க்கிற காவல் பரண்.

"எங்கை நிண்டாலும் பாக்கிறான் பார்" என்பார். உண்மைதான். கரைப் பாதையில் எந்த வளைவில் நின்று திரும்பினாலும் அந்தத் தட்டை மண்டை தெரியும். பனிப்புகார் மூடிய நாட்களில், "இண்டைக்குச் சென்றியிலை ஆளில்லை" என்று சீட்டியடித்துக்கொண்டு போவார். நான் சிரிப்பேன். பகிடி என்றுதான் நினைத்தேன்.

மலை ஏறுகிற பாதையில் ஒரு விளக்கப் பலகை இருக்கிறது. அக்காவின் மகள், நாங்கள் குஞ்சு என்று கூப்பிடுகிறவள், அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.

"அப்பா, இது எரிமலையாம்."

"இப்பவோ?"

"இல்லை. முந்தி. டைனோசருக்கும் முந்தி."

"அப்ப எழுதினவன் பக்கத்திலை நிண்டு பாத்தவனே?"

"கல்லைப் பாத்துக் கண்டுபிடிப்பினம்" என்று அவள் பெரிய மனுசி மாதிரிச் சொன்னாள். பாறையைக் காட்டினாள். மண்ணிறக் கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சாய்ந்த சதுரங்கள். தேங்காய்ச் சொட்டுப் போட்டு இறுக்கிய மாதிரி இருந்தது. அத்தான் உள்ளங்கையை அதில் வைத்து வெகுநேரம் நின்றார். சூடு பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. "வாங்கோ போவம்" என்றபோது அவர் குரலில் விளையாட்டு இல்லை. ஏறிய பாதையால் இறங்காமல், முள்ளுக்குள்ளால் பின்பக்கம் கூட்டி வந்தார். எங்கள் காலெல்லாம் கீறல்.

அந்த மாசிக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அது நடந்தது. நல்ல வெயில். சைக்கிளுக்கு ஆணி அடித்த பனி டயர்கள் போட்டிருந்தோம். குஞ்சு அவருடைய கரியரில். போர்னபுவுக்குக் கிட்டப் போக, பாதைக்குக் குறுக்கே தடுப்பு. குழாய் புதைப்பதற்குக் கிண்டியிருந்தார்கள். பக்கத்திலிருந்த அம்புக்குறி நாங்கள் வந்த வழியையே காட்டியது.

"சரி, திரும்புவம்" என்றேன்.

அத்தான் திரும்பவில்லை. கடலைப் பார்த்தார். குடா முழுக்க ஐஸ். அக்கரை கூப்பிடு தூரம். போன கிழமை அதில் ஓட்டை போட்டு மீன்பிடித்தவர்களைக் கண்டிருந்தோம். அன்றைக்கு ஒருவரும் இல்லை. நடுவில் ஒரு கடற்காகம் கால் நனைய நின்றது. ஐஸுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது என்று அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கினார். குஞ்சு கரியரில் இருந்தபடியே.

"அத்தான், என்ன செய்யிறியள்? திரும்புங்கோ. பிள்ளை இருக்கிறாள்."

"பிள்ளை இருக்கிறதாலைதான்" என்றார்.

அந்த முகத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால் மலையைப் பார்த்தார். பிறகு நடந்தார். ஐஸுக்குள் இருந்து சத்தம் வந்தது, கீழ்வீட்டில் யாரோ அலுமாரியை இழுக்கிற மாதிரி. நான் கரையில் நின்று மாதாவைக் கூப்பிட்டேன். சில்லு பாதி தண்ணீருக்குள் போவதும் வருவதுமாக அவர்கள் சின்னதாகிக்கொண்டு போனார்கள். அக்கரையில் ஏறிய பிறகு குஞ்சு கை காட்டினாள். நான் வந்த றோட்டாலேயே வீட்டுக்குத் திரும்பினேன்.

குஞ்சு வாயை மூடி வைத்திருக்கவில்லை. "அம்மா, நாங்கள் கடலுக்கு மேலாலை வந்தனாங்கள்."

அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "பிள்ளையின்ரை தலையிலை கையை வையுங்கோ" என்றாள்.

"என்னத்துக்கு?"

"சத்தியம் பண்ண."

அத்தான் சிரிக்கப் பார்த்தார். "பைபிளைக் கொண்டா, பண்ணுறன்."

"பைபிளிலை பண்ணிப்போட்டு அடுத்த கிழமை பாவசங்கீர்த்தனத்திலை கழுவிப்போடுவியள். உங்களைத் தெரியும். தலையிலை வையுங்கோ. எங்கை போனாலும் போன வழியாலைதான் வருவன் எண்டு சொல்லுங்கோ."

அவர் வைக்கவில்லை. அக்கா அவருடைய கையைப் பிடித்து இழுத்து வைத்தாள். குஞ்சுக்கு அது விளையாட்டு. "அப்பான்ரை கை ஐஸ் மாதிரி" என்று தோளை ஒடுக்கிச் சிரித்தாள். கையை எடுக்க விடாமல் அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவர் சொன்னார். மெதுவாகச் சொன்னார், முழுவதும் சொன்னார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். அதுதான் பிழையாகிப்போனது.

அவருக்கு வேலை போர்னபுவில், கொம்பனிக்காரர் சாப்பிடுகிற மண்டபம் ஒன்றின் குசினியில். முன்பு கடலால் போய் மலைக்குப் பின்னால் வருகிறவர், இப்போது கடலால் போய்க் கடலால் வரவேண்டும். வருகிறபோது சென்றி நேர் முன்னால் நிற்கும். போகிறபோது முதுகில் இருப்பது, வருகிறபோது முகத்தில். முதல் கிழமை அக்காவும் நானும் பகிடி பண்ணினோம். "ஐஸ்கிறீம் வாங்கிவரலாம் இனி" என்று அக்கா சொன்னாள். அவரும் ஒருநாள் வாங்கி வந்தார். கட்டியாகத்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

பிறகு பிந்தத் தொடங்கினார். ஐந்துக்கு வருகிறவர் ஆறுக்கு, ஏழுக்கு. சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருக்கும், குளிர் நாளிலும். பஸ்ஸில் போகச் சொன்னோம். போனார். திரும்பி வருகிறபோது பாதியில் இறங்கிச் சத்தி எடுத்தாராம். பஸ்ஸும் போன றோட்டால்தானே வரும்.

அந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற கோயம்புத்தூர்ப் பெடியன் ஒருவனும் சைக்கிளில்தான் வருவான். அத்தான் அவனைத் "தம்பி" என்பார், அவன் அவரைச் "சார்" என்பான். குசினிக்காரனைச் சார் என்கிறானே என்று அத்தானுக்குப் புழுகம், பெருமை. அவனை நான் ஒருநாள் சண்ட்விகாவில் கண்டேன்.

"உங்க அத்தான் டெய்லி அந்தக் கடைசி பெஞ்ச்சுல உக்காந்துட்டே இருக்காருங்க. என்ன சார்னா, காத்து வாங்குறேங்கறாரு. மழையில என்ன காத்துங்க?"

நான் தேடிப் போனேன். போர்னபு முடிகிற முனையில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு வாங்கு. அவர் அதில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தார்.

"வாங்கோ அத்தான், சேர்ந்து போவம்."

"நீ முன்னாலை போகாதை" என்றார். "பின்னாலையும் வராதை. பக்கத்திலை வா."

பாதை ஒடுக்கமான இடத்தில் நான் முன்னுக்குப் போக வேண்டி வந்தது. அப்போது அவர் சைக்கிளிலிருந்து குதித்து இறங்கி, சத்தம் போட்டு ஒரு பெயரைக் கூப்பிட்டார். என் பெயர் இல்லை. நாய் கொண்டு நடந்த வெள்ளைக்காரி நின்று பார்த்தாள்.

அது யாருடைய பெயர் என்று ஆடி மாதத்தில்தான் தெரிந்தது. அத்தானோடு முதன்முதல் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டின சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். அத்தான் இன்னும் வேலையால் வரவில்லை. பிந்துவதைப் பற்றி அக்கா முறையிட்டுவிட்டு, சத்தியத்தையும் சொன்னாள். அந்த மனுசன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, உனக்கு அவன்ரை தம்பியைப் பற்றித் தெரியாதே?"

தம்பி செத்தது தெரியும், எப்படி என்று தெரியாது என்றாள் அக்கா.

ஊரில், தீவிலிருந்து பட்டணத்துக்குக் கடலுக்கு நடுவால் ஒரே ஒரு றோட்டு. அத்தானும் தம்பியும் இரண்டு சைக்கிளில் மண்ணெண்ணெய் வாங்கப் போனார்கள். போகிறபோது ஒன்றும் இல்லை. வருகிறபோது தம்பி முன்னால். போகிறபோது வெறுமையாகக் கிடந்த பரணில் ஆட்கள் ஏறியிருந்தார்கள். வெடிபட்டுத் தம்பி விழுந்ததைக் கண்டவுடன் அத்தான் றோட்டை விட்டுப் பரவைக்கடலுக்குள் இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீர். அப்படியே மற்றக் கரைக்கு நடந்தார்.

"தண்ணிக்குள்ளாலை வந்தபடியாத்தான் அவன் உயிரோடை இருக்கிறான்" என்றார் சிநேகிதர்.

அக்கா அன்றைக்கு அத்தான் கதவைத் திறக்க முதலே வாசலுக்குப் போய்விட்டாள். "நான் சொன்னதை நானே திருப்பி எடுக்கிறன். நாளையிலை இருந்து பின்பக்கத்தாலையே வாங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

அத்தான் சப்பாத்தைக் கழற்றினார். கோபம் இல்லை. "சொல்லச் சொன்னது உன்ரை வாய். வைச்சது என்ரை கை. இருக்கிறது அவளின்ரை தலையிலை. இதிலை ஆர் எதை எடுக்கிறது?"

அக்கா பங்குச் சுவாமியிடம் போனாள். கடவுள் அப்படிப் பிள்ளைகளைப் பிணை வைக்கிறவர் இல்லை, அந்தச் சத்தியம் செல்லாது என்று அவர் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு அத்தான், "சுவாமிக்குப் பிள்ளையில்லைத்தானே" என்றார். அவருடைய பகிடிகளில் நான் கேட்ட கடைசி அதுதான். அதையும் பகிடியாகச் சொன்னாரோ தெரியாது.

ஆவணியில் ஒருநாள் குப்பை கொட்டப் போனவர் பழக்கத்தில் நிலவறைக் கதவால் ஏறி வந்துவிட்டார். வீட்டுக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது. முகம் வெளிறி, திரும்ப இறங்கி, சுற்றிப்போய் முன்வாசலால் வந்தார். அன்று பின்னேரம் குஞ்சுக்குக் காய்ச்சல். காதுக்குள் சீழ். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிள்ளைகளுக்குக் காதுவலி வருவது ஊரில் உலகத்தில் இல்லாததா? டொக்டரும் மருந்து தந்து சிரித்துத்தான் அனுப்பினார். அத்தான் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி என்னிடம், "பாத்தியே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள்ளேயும் அப்படியானார். மேசையின் எந்தப் பக்கத்தால் போனாரோ அந்தப் பக்கத்தாலேயே வருவார். நான் இடையில் நின்றால், நான் விலகும் வரைக்கும் நிற்பார். அக்கா மாறச் சொல்லிக் கெஞ்சுவாள். வேலையை விடச் சொன்னாள். வேறு வேலைக்குப் போனாலும் திரும்பி வரத்தானே வேண்டும் என்றார்.

ஐப்பசியில் இருட்டு வேளைக்கு வரத் தொடங்கியது. அன்று காலை அவர் போகிறபோது குஞ்சு படுக்கையால் எழும்பவில்லை. கதவைக் கொஞ்சம் நீக்கி அவளைப் பார்த்தார், கிட்டப் போகவில்லை. என்னிடம், "மச்சாள், டயருக்குக் காத்துப் போதாது, உன்ரையைத் தாறியே?" என்று கேட்டு என் சைக்கிளைக் கொண்டு போனார்.

மிச்சம் அந்தக் கோயம்புத்தூர்ப் பெடியன் சொல்லித் தெரிந்தது. நாலரைக்கு அவன் அந்த வாங்கைக் கடந்திருக்கிறான். வானம் தெளிந்து, மலை நல்ல வடிவாகத் தெரிந்ததாம்.

"கிளம்பலையா சார்னு கேட்டேங்க. போங்க தம்பி, வாறன்னாரு. மேல பாத்துட்டே சொன்னாரு. முகமெல்லாம் வேர்வை. நான் நின்னுருக்கணும்." அவன் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து அழுதான். அக்காதான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ஆறரைக்கு நாய் கொண்டு நடந்த யாரோ கண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு இரண்டு பொலிஸ் வந்தது. ஒருத்தி பெண். அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சு நின்றுவிட்டது என்று டொக்டர் எழுதினார். அவர் வாங்கில் இருந்தபடியே இருந்தாராம். சைக்கிள் பக்கத்தில் ஸ்டாண்டில் நின்றதாம், முன்சில்லு வீட்டுப் பக்கம் பார்த்தபடி. அவர் வரத்தான் வெளிக்கிட்டிருக்கிறார். அதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து நாற்பத்தோராம் நாள் பூசையும் முடிந்தது. அக்கா அவரைப் பற்றிக் கதைக்கமாட்டாள். மலைப் பக்கத்து யன்னலுக்குத் தடித்த சீலை தைத்துப் போட்டாள். எனக்கு அவரைப் பற்றிக் கதைக்காவிட்டால் மூச்சு முட்டுகிறது. அதனால்தான் எழுதினேன். பேரைப் போடவேண்டாம் என்று அக்கா சொன்னாள்.

தை மாதம் ஒருநாள் விடிய, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் குஞ்சுக்கு நான் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"சித்தி, அப்பா போன வழியாலை வருவன் எண்டெல்லோ சொன்னவர்?"

"ஓம் குஞ்சு."

"வரேல்லைத்தானே?"

குசினியில் அக்கா தண்ணீர்க் குழாயை மூடியது கேட்டது.

"வரேல்லை" என்றேன்.

"அப்ப சத்தியம் உடைஞ்சுபோச்சு. இனி என்ரை தலைக்கு என்ன நடக்கும்?"

ஒன்றும் நடக்காது என்றேன். அக்கா ஓடிவந்து, ஒன்றும் நடக்காது என்று அவளைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் மாறிமாறிச் சொன்னோம். அவள் நாங்கள் சொல்லி முடியும் வரைக்கும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்த சீப்பை மெல்ல வாங்கி, தானே கோணல் வகிடு எடுத்து இழுத்தாள். பின்னர் கம்பளித் தொப்பியைக் காது மூடப் போட்டாள். அன்று தொடக்கம் தலையை எங்கள் ஒருவரையும் தொட விடுவதில்லை. இப்போது பனியெல்லாம் கரைந்து, பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு விளையாடுகிறார்கள். அவள் தொப்பியோடுதான் சாப்பிடுகிறாள், தொப்பியோடுதான் நித்திரை கொள்கிறாள்.